மூன்று வாசல்களும் ஒரு முகவரிச் சீட்டும்

உள்ளங்கை அளவுச் சீட்டு. அதில் குடியை நிறுத்த நினைப்பவர்களின் ஆதரவுக் குழுக் கூட்டம் நடக்கும் கட்டடம், தெரு, கிழமை, நேரம், ஒரு தொலைபேசி எண். குடிநோய் ஆலோசகராக வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒன்றை வாங்கிப்போனவர் மூன்று முறை கூட்டத்தின் வாசல் வரை போனார், மூன்று முறையும் உள்ளே நுழையாமல் திரும்பினார், 23ஆம் நாள் இரவு மறுபடி குடித்தார். அந்த இரவில் என் பங்கும் இருக்கிறது என்று நம்புகிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அவருடைய சம்மதம் உண்டு. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 43. பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி, 14 வயதில் ஒரு மகன். 18 வருடக் குடி; அதில் கடைசி 6 வருடம் நாள் தவறாத குடி. காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு மடக்கு உள்ளே போக வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தார். குடிப்பழக்கத்தின் தீவிரத்தைக் கணிக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்த மதிப்பெண் 40. 20ஐத் தொட்டாலே உடல் குடியைச் சார்ந்துவிட்டதா என்று முழுமையாகப் பார்த்துவிட வேண்டும். இவர் 27.

"இன்னைக்கே ஏதாவது மீட்டிங்குக்கு அனுப்புங்க மேடம். இன்னையோட நிறுத்திடறேன்" என்றார். உண்மையாகவே சொன்னார். ஆனால் நான் முதலில் அவரை மருத்துவரிடம்தான் அனுப்பினேன். காரணம், அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு சம்பவம்: மூன்று வருடத்துக்கு முன்பு தானாகவே நிறுத்தியிருக்கிறார், இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசி மடக்கிலிருந்து 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். எந்த ஆதரவுக் குழுவும் இதற்கு மருந்து கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. முன்பு வலிப்பு வந்தவர் என்றால் பேச்சே இல்லை, மருத்துவமனைதான் முதல் படி. அவர் ஒரு வாரம் உள்நோயாளியாக இருந்தார். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டார்கள். ஏழாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். நான் சீட்டைக் கொடுத்தேன்.

முதல் வாசல்

ஒன்பதாம் நாள் மாலை வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். கூட்டம் 7 மணிக்கு. 6:40க்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இரும்புக் கதவில் பூட்டு. யாராவது வந்து திறப்பார்கள் என்று எதிர்ப்பக்கம் நின்றார். 7:10 ஆயிற்று. சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. 7:20க்குத் திரும்பி நடந்தார்.

அந்தக் குழு இரண்டு மாதங்களுக்கு முன்பே வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. நான் பட்டியலிலிருந்து எடுத்து எழுதியது பழைய முகவரி. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இந்தக் குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. யாரோ ஒரு மணி நேரம் கொடுக்கும் இடத்தில் கூடுகிறார்கள். அந்த இடம் இல்லையென்றால் அடுத்த இடம். பட்டியலைத் திருத்துவதும் உறுப்பினர் ஒருவர் வீட்டு வேலைக்கு நடுவில் செய்கிற காரியம். முகவரி பழசாகும் என்று தெரிந்திருந்தும் ஒரு முறை அழைத்துச் சரிபார்க்காதது என் தவறு.

வீட்டில் மனைவி வாசலிலேயே காத்திருந்தார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்ட முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பூட்டைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. "போனேன், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். குடியைப் பற்றி ஆயிரம் பொய் சொன்னவர்தான். ஆனால் நிறுத்திய பிறகு சொன்ன முதல் பொய் இது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தது.

இரண்டாம் வாசல்

அடுத்த வாரம் மனைவி தானும் வருவதாகச் சொன்னார். பழைய இடத்துக்குக் கூட்டிப்போனால் பொய் வெளியே வந்துவிடும். "அது வேண்டாம், வேற குரூப் போவோம்" என்று அவரே சொல்லியிருக்கிறார். மனைவி செல்பேசியில் தேடி இன்னொரு குழுவைக் கண்டுபிடித்தார். 16ஆம் நாள் இருவரும் போனார்கள்.

இந்த முறை கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்: "இது மூடிய கூட்டம்மா. குடிப்பிரச்சினை உள்ளவங்க மட்டும்தான் உட்காரலாம். சார் வரட்டும், நீங்க வெளியில இருக்க முடியுமா?" ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்: மனைவி, மகன், மாணவர், என்னைப் போன்ற ஆலோசகர். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். பட்டியல்களில் கிழமைக்குப் பக்கத்தில் இதைக் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு எதைச் சொல்கிறது என்று அறியாத குடும்பம் அதைக் கவனிக்காமல் போவது இயல்பு.

அவர் உள்ளே போயிருக்கலாம். "நீ தனியா இருட்டுல நிக்க வேண்டாம், வா போலாம்" என்று மனைவியோடு திரும்பிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவர் அப்படிச் சொன்னதும் மனசுக்குள்ள ஒரு நிம்மதி மேடம். போகாம இருக்க நல்ல காரணம் கிடைச்சிருச்சு." குடிநோயோடு பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புரியும். நோய் காரணங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். நாம் முன்கூட்டியே சொல்லாமல் விடும் ஒவ்வொரு தகவலும் அதன் கையில் நாமே கொடுக்கும் காரணம்.

மூன்றாம் வாசல்

23ஆம் நாள். அதே குழு, இந்த முறை தனியாக. சரியான கிழமை, சரியான நேரம், திறந்த கதவு. ஜன்னல் வழியாகப் பார்த்தார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில், பட்டறைக்குச் சாமான் கொண்டுவரும் மனிதர் உட்கார்ந்திருந்தார். வாரம் இரண்டு முறை பார்க்கும் முகம். செருப்பைக் கழற்றப்போன கால் அப்படியே நின்றது. திரும்பிவிட்டார். நேரே மதுக்கடைக்குப் போனார்.

எங்கள் முன் உட்கார்ந்தது 25ஆம் நாள். மறுபடி குடித்தவர் என்பதால் முதலில் மருத்துவர் பார்த்தார். நல்லவேளையாக அந்த ஒரே இரவோடு நின்றுவிட்டதால் இந்த முறை படுக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு மீட்டிங் போயும் இப்படின்னா இனிமே என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுக்குக்கூடப் போகவில்லை என்றார்.

அன்று அவரைத் திட்டாமல் இருந்ததற்காக இன்றும் நிம்மதிப்படுகிறேன். ஒவ்வொரு வாசலாகச் சொல்லச் சொன்னேன். பூட்டு, மூடிய கூட்டம், ஜன்னலில் தெரிந்த முகம். மூன்றாவதைச் சொல்லும்போது, "அவர் என்னைப் பார்த்துட்டா என்ன ஆகறது மேடம்?" என்றார். "அது மூடிய கூட்டம். அப்ப அவர் அங்க எதுக்கு உட்கார்ந்திருந்தாரு?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு இது ஒரு முறைகூடத் தோன்றியிருக்கவில்லை. அவர் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வேலை போய்விடும், பேச்சு பரவும் என்ற பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதே பயத்தோடுதான் முதல் நாள் நுழைந்தார்கள். பெயரின் பின்பாதியைச் சொல்லாமல் இருப்பது, யார் வந்தார் என்பதை வெளியே பேசாமல் இருப்பது, வருகைப் பதிவேடு வைக்காமல் இருப்பது எல்லாம் அந்தப் பயத்திலிருந்து பிறந்த ஏற்பாடுகள்தான்.

சீட்டு ஏன் போதவில்லை

1981இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வை அந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் சிசன், மாலம்ஸ் என்ற இருவர் செய்தது. சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல ஏ.ஏ. பற்றிய விளக்கமும் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொன்னார்கள். மறு பாதிக்கு, ஆலோசனை நடக்கும்போதே ஒரு ஏ.ஏ. உறுப்பினருக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்தார்கள். அந்த உறுப்பினர் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். இரண்டாம் பாதியில் அத்தனை பேரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை.

20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனால் என் மேஜையிலிருந்து போன சீட்டுகளை நினைத்துப் பார்த்தேன். நான் இத்தனை காலம் செய்தது முதல் பாதிக்குச் செய்த வேலை. இதை நான் படிக்காமல் இல்லை. ஒரு முறை படித்துவிட்டு, நேரமில்லை என்று பழைய வழக்கத்துக்கே திரும்பியிருந்தேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

அவர் முன்னாலேயே முதல் குழுவின் எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. குழுக்களை ஒருங்கிணைக்கும் பொது எண்ணுக்கு அழைத்துப் புதிய இடத்தையும் இப்போதைய தொடர்பு எண்ணையும் வாங்கினேன். அந்த எண்ணில் ஒரு வயதான குரல். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கைபேசியை அவரிடம் நீட்டினேன். மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது.

"தம்பி, இன்னைக்குக் குடிச்சீங்களா?"

"இல்லைங்க. முந்தாநாள்."

"சரி, இன்னைக்குக் குடிக்கல. போதும். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்ல நீலக் குடையோட நிப்பேன். நீங்க என்னைத் தேட வேண்டாம், நான் வந்து பேசறேன். உள்ள ஒண்ணும் பேசணும்னு இல்ல. பக்கத்துல உட்காருங்க."

மழை இல்லாத மாலையில் குடை பிடித்து நின்றிருக்கிறார் அந்தப் பெரியவர். நடந்து போகும் ஐந்து நிமிடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை நிறுத்தி ஐந்தாறு மாதமே ஆன பில் என்ற பங்குவணிகர், வந்த வியாபாரம் கைவிட்டுப்போன ஏமாற்றத்தில் ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மது அரங்கு, இன்னொரு பக்கம் தொலைபேசி. குடிக்காமல் இருக்க, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அங்கே இருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைக்கிறார். கை மாறிக் கை மாறி ஹென்ரியட்டா சீபர்லிங் என்ற பெண்மணியிடம் அந்தத் தேடல் போய்ச் சேர்கிறது. மறுநாள், மே 12, அவர் வீட்டில் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்கிறார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த மருத்துவர் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்தது அதே வருடம் ஜூன் 10. இந்த இருவரும் தொடங்கிய ஏ.ஏ. அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. "பில்லுக்கும் முதல் நம்பர்லயே தேடின ஆள் கிடைக்கல தம்பி" என்று முடித்தாராம் பெரியவர். பூட்டிய கதவின் முன் நின்றவருக்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

உள்ளே

பன்னிரண்டு நாற்காலிகள். ஒருவர் முன்னுரை வாசித்தார். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து ஒவ்வொருவரும் சில நிமிடம் பேசினார்கள். குறுக்கே யாரும் பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. இவர் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னார். பணத்துக்கு ஒரு பை சுற்றி வந்தது. புதியவர் போட வேண்டாம் என்றார்கள். ஏ.ஏ.வில் சேரக் கட்டணம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடையும் வாங்குவதில்லை. உறுப்பினர்கள் போடுவதில்தான் இடத்துக்கான செலவு நடக்கிறது. உறுப்பினராக ஒரே ஒரு தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

அவருக்குப் பிடித்ததா? பிடிக்கவில்லை. "கடவுள்னு சொன்னதும் எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு மேடம். எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்ல." ஏ.ஏ.வின் வழிமுறையான 12 படிகளில் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்ற சொல்லாட்சி வருகிறது. நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் பலர் குழுவையே தங்களை மீறிய சக்தியாக எடுத்துக்கொள்வதுண்டு. அதுவும் ஒட்டாதவர்களுக்கு வேறு பாதைகள் இருக்கின்றன. 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரிக்கவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது. 1975இல் ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சோபரைட்டி பெண்களுக்கானது. இரண்டும் இணையவழியிலும் கூடுகின்றன. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். எந்த ஒரு குழுவுக்கும் விசுவாசமாக ஆலோசகர் இருக்கத் தேவையில்லை. எதிரே இருப்பவர் எந்த அறையில் உட்கார முடிகிறது என்பதுதான் கேள்வி.

குடைக்காரர் சொன்னது வேறு: "ஒரே மீட்டிங்கைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆறு மீட்டிங், ஆறு விதமான ஆளுங்க. அப்புறம் சொல்லுங்க." இவர் ஏழு வாரத்தில் நான்கு குழுக்களுக்குப் போனார். ஒன்று பெரிய கூட்டம், மேடைப் பேச்சு போலிருந்தது. ஒன்று இணையவழி, வீட்டில் மகன் காதில் விழுமே என்று கூசினார். கடைசியில் ஒட்டியது அந்த முதல் குழுவின் சனிக்கிழமைக் கூட்டம். ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள், கடவுள் பேச்சு குறைவு. இரண்டாம் மாதம் யாரோ, "சீக்கிரம் வர்றீங்களே, நாற்காலி எடுத்துப் போடறீங்களா?" என்று கேட்டு சாவியைக் கையில் கொடுத்தார்கள். அவரைக் கட்டிப்போட்டது 12 படிகளைவிட அந்தச் சாவிதான் என்று நினைக்கிறேன். தான் போகவில்லையென்றால் கதவு திறக்காது.

சாமான் கொண்டுவரும் மனிதரை ஒரு கூட்டத்தில் நேருக்கு நேர் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார். பட்டறையில் இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மனைவியின் பக்கம்

இந்த நிகழ்வில் நான் இன்னும் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டியவர் அவர். தேடியது, எண்ணை எழுதியது, நேரத்தை நினைவூட்டியது எல்லாம் அவர்தான். தேடுகிறவர் ஒருவர், போக வேண்டியவர் இன்னொருவர் என்று இருந்தால், போகிறவருக்கு அது மனைவிக்காகச் செய்யும் கடமையாகிவிடும். பொய்யும் அங்கிருந்துதான் வரும். குடும்பத்தினருக்கென்றே 1951இலிருந்து அல்-அனான் இருக்கிறது. பதின்வயதினருக்கு அதன் கிளையாக அலட்டீன். பக்கத்தில் நேரடிக் கூட்டம் கிடைக்காததால் அவர் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்தார். மூன்றாவது வாரம் என்னிடம் சொன்னது: "அவர் போனாரான்னு இப்ப நான் கேக்கறதில்ல மேடம். கேக்காம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு." மகன் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்துவிட்டான். அது அப்படியே நிற்கிறது.

"இதெல்லாம் நிஜமா வேலை செய்யுதா?" என்றும் அவர்தான் கேட்டார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மீளாய்வைச் சொன்னேன். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் அதிகமான பங்கேற்பாளர்கள். ஏ.ஏ.வில் சேர முறையாக வழிநடத்தும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருட முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். மற்ற சிகிச்சைகளைவிட மேல். ஆனால் எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

இப்போது

முதல் கூட்டத்திலிருந்து 14 மாதங்கள். ஐந்தாவது மாதம் ஒரு திருமண மாலையில் குடித்தார். அன்று இரவே குடைக்காரரை அழைத்தார், மறுநாள் கூட்டத்தில் தானே சொன்னார், நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். பூட்டைப் பற்றிப் பொய் சொன்னவருக்கு இந்த முறை விடிவதற்குள் உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

நான் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய தேதியில் அழைத்துப் பேசாத எந்த முகவரியையும் எழுதுவதில்லை. இன்று கூட்டம் உண்டா, திறந்ததா மூடியதா, எந்த வாசல், எந்த மாடி, புதியவரை வாசலில் சந்திக்க யார் வருவார் என்று கேட்டுவிட்டு, எதிரே இருப்பவரிடம் கைபேசியைக் கொடுக்கிறேன். பத்து நிமிடம் ஆகிறது. இரண்டாவதாக ஒரு குழுவையும் கூடவே சொல்லி அனுப்புகிறேன், முதல் கதவு பூட்டியிருந்தால் போக. தெரிந்த முகம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நானே கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பழைய கட்டடத்தின் இரும்புக் கதவில், காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, அவர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். 'சனிக்கிழமை 7 மணிக் கூட்டம் இப்போது இங்கே இல்லை' என்று எழுதி, கீழே புதிய இடமும், எடுக்க ஆள் இருக்கும் ஒரு எண்ணும். என்ன கூட்டம் என்று எழுதவில்லை. தேடி வந்தவருக்குத் தெரியும். மழையில் நனைந்து எழுத்து கரைந்தால் புதிதாக எழுதி மாற்றி ஒட்டுகிறார்.